இரண்டாவது கோடு

அத்தானைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைத்தான் கை காட்டினார்கள். எனக்கு வாய் நீளம். வேன் ஓட்ட உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருப்பவர் தூங்கிவிட்டாரா என்றுகூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே போவேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பட்டறையில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் மைத்துனனே பேசட்டும் என்று தெருவிலிருக்கும் மெக்கானிக்குகள் முடிவு செய்துவிட்டார்கள். எழுதி வைத்துக்கொண்டால் நல்லது என்று சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் போய் அன்றோடு இருபத்து மூன்று நாள்.

அக்கா சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, அப்பாவின் கருவிப் பெட்டிகளைத் திறந்து வைத்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க டீசல் வாசம். இத்தனை வருஷம் அந்த வாசத்தை வீட்டுக்குள் விடக் கூடாது என்று சண்டை போட்ட அக்கா, இப்போது ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள்.

"எழுதப் போறேன்னியே, பேனா கொண்டாந்தியா?" என்றாள் அக்கா.

"உன் வீட்ல இல்லாத பேனாவா?"

"இருக்கு. எழுதாது. அவர் இருந்தா அதையும் கழட்டிப் பாத்திருப்பாரு."

மகள்தான் எழுந்து போய் ஒரு பேனாவைத் தேடி எடுத்து வந்தாள்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். அத்தானிடம் வண்டி போனால் அவர் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடியைக் கூடப் போட மாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். சாப்பிடும் நேரத்தில் யாராவது ஓட்டுநர் அழைத்தால், "போனை எஞ்சின் கிட்ட பிடி" என்பார். இந்தப் பக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "பெல்ட்டு லூசு. டைட் பண்ணிக்கிட்டுப் போ, ஒண்ணும் ஆகாது" என்று வைத்துவிடுவார். அது பெல்ட்டாகத்தான் இருக்கும்.

அவருடைய பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. மஞ்சக்கோடு என்றால் தெரியும். எந்த நட்டை முறுக்கினாலும், முறுக்கி முடித்த பிறகு சின்னத் தூரிகையால் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார். நட்டு துளி அசைந்தாலும் கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரியும். கோடு போட்டால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. வீட்டு மின்விசிறியின் போல்ட்டில் கோடு, தண்ணீர்க் குழாயில் கோடு, மகளின் சைக்கிள் முழுக்கக் கோடு. குக்கர் கைப்பிடித் திருகிலும் ஒரு கோடு இருக்கிறது. ஒருநாள் நான், "அத்தான், அக்கா கழுத்துலயும் ஒரு கோடு போட்டுடுங்க, வர வர ரொம்பத் திரும்புது" என்றேன். அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தான் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"தலை பின்னி விட்டதை எழுதுங்க மாமா," என்றாள் மகள். "அம்மா காலைல வேலைக்குப் போயிடுவாங்கல்ல, எட்டாவது வரைக்கும் அப்பாதான் பின்னி விட்டாரு. நகத்துக்குள்ள கிரீஸ் இருக்கும்னு கையில பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டுப் பின்னுவாரு."

"வகிடு நேரா இருக்காதே?" என்றேன்.

"ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். டீச்சருங்க கேப்பாங்க, உங்கம்மா ரொம்பப் பொறுமைன்னு. நானும் ஆமான்னு சொல்லிடுவேன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுதினேன். எழுத எழுத எனக்கே என் எழுத்து பிடித்திருந்தது. நாளைக்கு நாலு பேராவது கண் கலங்குவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஓடியது.

அப்போதுதான் மகள் மூன்றாவது பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினாள். உள்ளே ஒரு பழைய இருமல் மிட்டாய் டப்பா. ஆட்டினாள், கலகலவென்றது. திறந்து தரையில் கொட்டினாள். வேன் சக்கரத்தின் நட்டுகள் நான்கு உருண்டன.

ஒன்று என் காலருகே வந்து நின்றது. காலை இழுத்துக்கொண்டேன்.

"இதை ஏன் தனியா வச்சிருக்காரு?" என்று ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "ஒத்தைக் கோடு. அப்ப ரொம்பப் பழசு. அப்பா பின்னாடி ரெட்டைக் கோடுதானே போட ஆரம்பிச்சாரு."

"ஏதோ பழைய வண்டியோடதா இருக்கும். பழைய நட்டை எவன் தூக்கிப் போடுறான்," என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முந்திக்கொண்டு வேலை செய்யும்.

மகள் நட்டுகளைத் திரும்ப டப்பாவில் போட்டாள். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இரட்டைக் கோடு என்ற சொல் அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

"அதையும் எழுதிடு," என்றாள்.

"எதை?"

"அந்த ஸ்கூல் வேன் சமாச்சாரம். மறைச்சா மட்டும் தெரியாமலா இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. வாழ்க்கையில ஒரே ஒரு வாட்டி ஒரு சக்கரத்தை முறுக்காம விட்டாரு. ஆனா எவன் மேலயும் பழி போடல. நேரா நின்னு, நான்தான் மறந்துட்டேன்னு சொன்னாரு. தப்பை ஒத்துக்கிட்ட மனுஷன்னு எழுது. அது பெரிய குணம்டா."

 அக்கா கூடத்தில் மாட்டியிருந்த அத்தான் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான்தான் அவரை விடல. பதினொரு வருஷம், சந்தர்ப்பம் கிடைச்சப்ப எல்லாம் குத்திக் காட்டுனேன். ஒரு குழாயில தண்ணி சொட்டினாக் கூட, நீங்க முறுக்குன லட்சணமான்னு கேட்டேன். இவ கல்யாணத்துக்கு எடுத்த காரைக் கூட..." நிறுத்தினாள். "அதை விடு."

அதை நான் எப்படி விடுவது? கல்யாணத்துக்கு முதல் நாள், பெண்ணும் மாப்பிள்ளையும் போகும் காரை அத்தான் பார்த்துக்கொடுக்கிறேன் என்றார். அக்கா, "உங்க கை வேணாம், இவ ஒருத்திதான் இருக்கா எனக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வேறு மெக்கானிக்கிடம் காரை அனுப்பினாள். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனவன் நான். அத்தான் வாசலில் நின்று, காரைத் திருப்ப எனக்குக் கை காட்டினார்.

"அக்கா," என்றேன். "அத்தான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"எதை?"

"அன்னிக்கு நடந்ததை. உன்கிட்ட சொல்லிக்கிறேன்னாரே."

"என்ன நடந்ததை? என்னடா உளர்றே?"

அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் தெரியாது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அத்தான் பெரிய பட்டறையில் தலைமை மெக்கானிக். ஒரு பள்ளிக்கூடத்தின் வேன்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. எனக்கு அந்தப் பள்ளியில் ஓட்டுநர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பொறுப்பான பையன் என்று செயலாளரிடம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம்.

முந்தின நாள் சாயங்காலம் வேனை அத்தான் சர்வீஸ் செய்து, கோடெல்லாம் போட்டுத் தந்திருந்தார். காலையில் எடுத்தபோது பின்னால் இடது சக்கரத்தில் கல் உரசுகிற மாதிரி கரகரவென்று சத்தம். அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இதுக்குக் கூடவா கூப்பிடுவது, நானும் மெக்கானிக் வீட்டு ஆள்தானே என்று ஜாக்கியை வைத்துத் தூக்கி, ஐந்து நட்டையும் கழற்றிச் சக்கரத்தை எடுத்தேன். உள்ளே ஒரு கூழாங்கல். தட்டிவிட்டு, சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கினேன். சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு முழுசாக முறுக்க வேண்டும். அதற்கு முன்னால் கையெல்லாம் கிரீஸாக இருக்கிறதே என்று குழாயடிக்குப் போனேன். கழுவும்போது போன் அடித்தது. ஒரு கூட்டாளி. அவன் முதலாளியைப் பற்றி ஏதோ கதை சொன்னான், சிரித்தேன். சிரித்துக்கொண்டே வந்து ஜாக்கியைப் பின்னால் போட்டேன், வண்டியை எடுத்தேன். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

பன்னிரண்டு பிள்ளைகள். பாலத்துக்கு முந்தின வளைவில் சக்கரம் கழன்று எங்களை முந்திக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் ஏதோ வேடிக்கை என்று கைகூடத் தட்டினார்கள். அடுத்த நொடி வண்டி சாய்ந்து பள்ளத்தில் இறங்கியது. பதினோரு பேருக்குச் சிராய்ப்பு. ஒரு தையல்காரரின் மகளுக்கு, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு, வலது முழங்கை உடைந்தது. அந்தக் கை இன்றைக்கும் முழுசாக நீளாது.

முதலில் வந்து சேர்ந்தவர் அத்தான். பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்த வழியே நடந்து போனார். அவமானத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறார் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டைப்பை கனத்திருந்தது. பிறகு, கிடந்த சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பெட்ரோல் துணியால் துடைத்தார். மண்ணைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். அவர் முறுக்கினார் என்பதற்குச் சாட்சியாகச் சக்கரத்தின் மேல் மிச்சமிருந்த பாதிக் கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் வந்து கேட்டதும் எழுந்து நின்று, "மூணு சக்கரம் முறுக்கினேன் சார். இதை மறந்துட்டேன். கோடு கூடப் போடல, பாருங்க" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். வாய் நீளமான நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் அவரைக் காவல் நிலையத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். பெரிய பட்டறையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று எனக்கு வேலை நிலைத்தது. நாலாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். அவள் உள்ளே போனதும், "ஜாக்கியில ஈர மண்ணு இருந்துச்சு மாப்ளே" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லிடுறேன் அத்தான். இப்பவே போய்ச் சொல்லிடுறேன்."

"சொன்னா உன்னை உள்ள வச்சிடுவாங்க. லைசென்ஸ் போயிடும். அந்தப் பொண்ணு வயித்துல பிள்ளையோட இருக்கு. எனக்கு எங்க போனாலும் வேலை இருக்கு. வீட்ல ஒருத்தன் மாட்டுனது போதும்."

"அக்காவுக்கு?"

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ இனிமே சக்கரத்தைக் கழட்டாத. கழட்டணும்னா என்னைக் கூப்பிடு."

அதற்குப் பிறகு சந்துக் கடைசியில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். ஒவ்வொரு நட்டுக்கும் இரண்டு கோடு போட ஆரம்பித்தார். பட்ட பயம் போகவில்லை என்று ஜனங்கள் சிரித்தார்கள். பயம் ஒன்றும் கிடையாது. அவர் மறந்துதான் போனார் என்று மற்றவர்கள் நம்ப வேண்டுமே, அதற்காகப் போட்ட கோடு. அந்த இரண்டாவது கோடு ஒவ்வொன்றும் எனக்காகப் போட்டது. என் வண்டியின் நாலு சக்கரத்திலேயே இருபது கோடு அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குத் தெரியும் என்றே இருந்தேன். அவள் குத்திக் காட்டும்போதெல்லாம், தம்பியைக் காப்பாற்ற நடிக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாருமே இல்லாதபோது ஏன் நடிக்க வேண்டும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது. அதனால் நம்பினேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி முடித்தபோது பீன்ஸ் அப்படியே கிடந்தது. மகள் டப்பாவை மறுபடி திறந்து நட்டுகளை மேசை மேல் வைத்தாள். நாலும் நாலு பக்கம் பார்த்த கோடுகள்.

"எத்தனை நட்டு?" என்று கேட்டாள் அக்கா.

"அஞ்சு."

"நாலுதான் இருக்கு."

"ஒண்ணு கிடைக்கல போலிருக்கு."

ஒரு நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் அந்த மனுஷனை என்னென்ன பேசினேன்னு உனக்குத் தெரியும்டா. இதே மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே கேட்டே. இன்னொரு முட்டை வை அக்கான்னு சொன்னே."

"அக்கா..."

"அவரும் உனக்கு எடுத்து வச்சாரு."

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "கல்யாணத்தன்னிக்கு அந்தக் கார் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு மாமா. தொடவே இல்ல. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாரு."

 அக்கா அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நான் எழுதிய தாளை இழுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுசாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றாள். "நாளைக்கு இதைப் படி. படிச்சு முடிச்சிட்டு அதையும் சொல்லு."

"தையல்காரர் வருவாருக்கா."

"வரட்டும். யார் யார் முன்னாடி அவர் தலை குனிஞ்சாரோ அவங்க எல்லாரும் வரட்டும். நான் பேசினதையும் சொல்லு. என்னை மட்டும் விட்டுடாதே."

மறுநாள் மூன்று மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. கார் இருக்கை, டயர், பெஞ்சு என்று கிடைத்ததில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் கடைசி வரிசையில், பக்கத்தில் அவர் மகள். இப்போது இருபது வயசு. மடங்கிய கையை மடியில் வைத்திருந்தாள். நான் தாளைப் படித்தேன். பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தலை பின்னிய இடத்தில் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு வயதான வெல்டர் கண்ணைத் துடைத்தார். அங்கேயே நிறுத்தி உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். நான்கு நட்டுகளையும் எடுத்து அத்தானின் வேலை மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னேன். கல், ஜாக்கி, குழாயடி, போன், சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. அக்கா சொன்னபடி அவள் பேசினதையும் சொன்னேன். யாரும் கூச்சல் போடவில்லை. 

தையல்காரர் எழுந்து முன்னால் வந்தார். நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் அவரை அடிச்சேன்ல," என்றார். "அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"அவர் பக்கத்துலதான்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அவர் கண்ணாடி கீழ விழுந்துச்சு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

 அவர் மேசையிலிருந்த ஒரு நட்டை எடுத்து, கொண்டுபோய்த் தன் மகளிடம் கொடுத்தார். அவள் அதை நல்ல கையில் வாங்கி, கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். என் பக்கம் இரண்டு பேருமே திரும்பவில்லை.

கூட்டம் கலைந்தபோது என்னிடம் யாரும் பேசவில்லை. மிச்சம் மூன்று நட்டையும் அக்கா மகள் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். என் வேன் வாசலில் நின்றது. எப்போதும் முன்னால் என் பக்கத்தில்தான் அக்கா உட்காருவாள். அன்றைக்குக் கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றி நடந்தாள். முட்டி வலியோடு ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து பார்த்தாள். பின்னால் இடது சக்கரத்தின் முன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் சாவதற்கு ஒரு வாரம் முன்னால் சர்வீஸ் செய்து தந்த சக்கரம். ஐந்து நட்டையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"ரெண்டு கோடும் நேராத்தான் இருக்கு," என்றாள் மகளிடம்.

இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நான் சாவியைப் போட்டேன்.

"இதை நீ கழட்டலையே?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"சரி. ஓட்டு."

வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.